என் பேரில் வந்தவள்

விழுந்த விமானத்தில் இருந்தவர்களின் பெயர்களைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது என் பெயரும் வந்தது. பதுளை பஜாரில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்து, மாவட்டம் எல்லாம் சரியாக இருந்தது. கடையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஒன் பேருல இன்னொருத்தி போல, பாவம்" என்றாள் கூட வேலை செய்பவள். நான் சேலையை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். போனது என் தங்கச்சி என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக அவளுக்கு வயது போதாது என்றார்கள். எனக்கு வயது இருந்தது, போக மனம் இல்லை. அதனால் அவள் என் பிறப்புச் சான்றிதழில் போனாள். தேயிலைத் தோட்டத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. அக்கா பேரில் தங்கச்சி போவாள், சித்தி பேரில் மகள் போவாள். ஏஜென்சிக்காரன் கேட்டதை நாங்கள் கொடுத்தோம், மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்டான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பெண்ணும் அதே வழியில்தான் போக வேண்டும். யாராவது இதைப் பற்றி எனக்குப் புத்தி சொல்ல வந்தால், முதலில் ஒரு நாள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையில் ஏறிவிட்டு வரட்டும்.

அவள் புறப்பட்டபோது நான் கொழும்பில் கார்மெண்ட்ஸில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை. வழியனுப்ப அம்மா மட்டும்தான் இருந்தாள். அங்கே போன பிறகு போனில் பேசுவாள். "அக்கா, இன்னைக்கு மேடம்கிட்ட ஒனக்குச் செம திட்டு. பீங்கானை ஒடச்சிட்டியாம்" என்று சிரிப்பாள். என் பேரைச் சொல்லித்தானே அவளைத் திட்டுவார்கள். "ஏய், என் மானத்தை வாங்காத" என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். ஒப்பந்தம் முடிந்து அவள் வீட்டுக்கு வருகிற விமானம் அது. மேலே ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே விழுந்து எரிந்துவிட்டது.

முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். பெற்றவர்கள் ரத்தம் கொடுத்தால் அதை வைத்து யார் யார் என்று பிரிப்பார்களாம். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். கிராம சேவகர் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையோடு எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரும் கேட்டு வராத உடல்களை அந்த நாட்டிலேயே ஒரே குழியில் புதைப்பார்கள் என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. ஒரே குழி.

அம்மா ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றாள். அப்பா எப்போதோ போய்விட்டார், பட்டியலில் செத்துக் கிடக்கிற நான் போய்க் கையை நீட்டவும் முடியாது.

அதற்குக் காரணம் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தாள். அவளைச் சாமியம்மா என்பார்கள். முன்பு கொழுந்து எடுத்தவள்தான். பல வருசமாகவே அவள்மேல் அம்மன் இறங்கும், குறி சொல்வாள். விமானம் விழுந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, பூசையின் நடுவில், அந்த விமானத்தில் எரிந்த ஒரு பையன் அவள் வாயால் தன் அப்பாவைக் கூப்பிட்டான் என்று பேச்சுப் பரவியது. அதற்கப்புறம் லுணுகலையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் சனம் வரத் தொடங்கிவிட்டது. அந்த வார வெள்ளிக்கிழமை பூசைக்கு, லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா அறையில் இருப்பவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

செய்தி வந்த நாளிலிருந்து அம்மா அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் போகவில்லை. கங்காணி பேர் கூப்பிடுகிற நேரத்துக்கு எழுந்து, சேலை கட்டி, அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வெள்ளிக்கிழமை தெமோதரையிலிருந்து திரும்பி வந்து ஒரு கோப்பை சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு சாமியாடி என் அம்மாவைச் சாப்பிட வைத்தாளே, அவள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவளை மனதுக்குள் கும்பிடக்கூடச் செய்தேன்.

கையைக் கழுவிவிட்டு அம்மா சொன்னாள். "தங்கச்சி வந்து பேசுனா. பெட்டியில வாறது நான் இல்லம்மா, அத வாங்காதீங்க, நான் ஒங்க பக்கத்துலயேதான் இருக்கேன்னு சொன்னா."

"அப்ப ரத்தம்?"

"எதுக்கு? யாரோ பெத்த புள்ளய என் தலையில கட்டவா? பக்கத்துல இருக்கறவள எங்க போயி தேடுறது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. கும்பிட்ட கையை உடனே இறக்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சட்டி பானைதான் பேசிக்கொண்டது. நான் ஒன்றைக் கேட்பேன், அம்மா மூடியைத் தட்டி வைப்பாள். சாப்பிடும்போது பக்கத்தில் இன்னொரு கோப்பையில் சோறு வைத்தாள். நான் அதை எடுத்துக் கோழிக்குப் போட்டேன். மறுநாளும் வைத்தாள்.

எங்கள் முதலாளியின் தங்கை மகனும் அதே விமானத்தில்தான் இருந்தான். அந்தக் குடும்பம் முதல் நாளே ரத்தம் கொடுத்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர், ஆனால் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் தங்கச்சி விசயத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை கடை சாத்தும் நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்கட உம்மா இன்னும் போகல்லியா?"

"இல்ல முதலாளி."

"கூட்டிக்கொண்டு போங்க புள்ள. எங்கட புள்ளைக்குத் தொழுது அடக்க ஒரு ஜனாஸா வந்தாப் போதும்ண்டு நாங்க கெஞ்சிக்கொண்டு இரிக்கோம். கேட்க ஆள் இருந்தும் கேக்காம விட்டுடாதீங்க." பிறகு, "நாளைக்கு லீவு எடுங்க" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் அம்மாவோடு தெமோதரைக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் வரமாட்டாள். அவள் போகும் இடத்துக்கு நான் போய், அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவில் ஏறிப் போகவேண்டும். பூசை நடப்பது ஒரு பழைய பிள்ளைக்காம்பராவில். கொழுந்துக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக அந்தக் காலத்தில் கட்டிய மடுவம். இப்போது பிள்ளைகள் இல்லை. தொட்டில் கட்டும் கொக்கிகள் மட்டும் முகட்டில் வரிசையாகத் தொங்கின. கீழே தரையில் சனம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லார் முகமும் அம்மாவின் முகம் மாதிரியே இருந்தது.

சாமியம்மாவின் புருசன் உடுக்கை அடித்தார். அவள் மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு ஆடினாள். ஒல்லியான பெண், அம்மா வயதுதான் இருக்கும். ஒரு பெயரைச் சொல்வாள், அந்தப் பெயருக்குரியவர்கள் எழுந்து முன்னால் போவார்கள். மகன் அப்பாவைத் தண்ணீர் கேட்டான். புருசன் பொண்டாட்டியிடம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடு, நிறுத்தாதே என்றான். எல்லாம் யாருக்கும் பொருந்துகிற பேச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் என் பெயரைச் சொன்னாள்.

என் முழுப் பெயரை, முதலெழுத்தோடு, தொலைக்காட்சியில் வாசித்த மாதிரியே சொன்னாள். "நான் வந்துட்டேன்மா" என்றாள்.

உயிரோடு உட்கார்ந்து உங்கள் பெயரில் ஒரு ஆவி பேசுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். அம்மா எழுந்து முன்னால் போனாள். என் பெயரைச் சொல்லி, "வாம்மா, சொல்லும்மா" என்றாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெட்டி வேண்டாம் என்று அது மறுபடியும் சொன்னது. அம்மா தலையை ஆட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் அம்மா என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அது என் பேரு. டீவியில கேட்டதச் சொல்றா. உள்ள நெசமா வந்தது அவளா இருந்தா அவ பேரச் சொல்லமாட்டாளா? இதுகூட ஒனக்குப் புரியலயா?"

"அவ அப்புடித்தான் வருவா" என்றாள் அம்மா.

"எப்புடி? செத்தப்புறமும் ஏஜென்சிக்காரனுக்குப் பயந்துக்கிட்டா?"

"ஒனக்குத் தெரியாது. அந்தப் பேருல வந்ததாலதான் நான் நம்புறேன்."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு பொய்யை வெட்டிப்போடக் கையில் கத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன், அந்தக் கத்தியையே அம்மா சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறாள். அன்றைக்கு அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் நான் மட்டும் தெமோதரைக்குப் போனேன். நன்றாகக் கேட்டுவிட்டு வருவது என்று போனேன். சாமியம்மா அவள் லயத்து வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சாயம்போன கவுன், தலையில் துண்டு. நேற்று ஆடியவள் இவள்தானா என்று இருந்தது.

"இன்னைக்குக் குறி இல்லம்மா. ஞாயித்துக்கெழம விசேச பூசை இருக்கு, அதுக்கு வாங்க" என்றாள்.

"நான் குறி கேக்க வரல. நேத்து நீங்க ஒரு பேருல பேசுனீங்களே" என்று என் பெயரைச் சொன்னேன். "அது நான்தான்."

என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதோ என்னவோ, அட்டையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். மழுப்புவாள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் அவள் என்னைவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். உரித்த கொட்டைகள் மடியிலிருந்து உருண்டு விழுந்தன.

"உசுரோட இருக்கிறவளயா கூப்புட்டேன்?" என்றாள். "ஐயோ, அம்மா தாயே. செத்தவங்க வரிசையில ஒன்னைய நிக்க வச்சிட்டேனே. ஒனக்கு ஏதாச்சும் ஆச்சா? காய்ச்சல் கீய்ச்சல்?"

எழுந்து உள்ளே ஓடித் திருநீறு கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நெற்றியில் அள்ளிப் பூசி, தலையைச் சுற்றி எச்சில் துப்பி, மூன்று தெருச் சந்தி மண் கிடைக்குமா என்று புருசனைக் கூப்பிட்டாள். அவளுக்கு நிஜமாகவே பயம். அதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். தான் சொல்வதைத் தானே நம்புகிறவளை என்ன செய்வது?

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி என் பேரில் போனது, திங்கட்கிழமை கடைசி என்பது, ஒரே குழி என்பது.

"அம்மாவ ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நானா சொல்றது இல்லம்மா. வர்றவங்க சொல்றதுதான் வாயில வரும்."

"அப்ப பெட்டிய வாங்காதன்னு சொன்னது யாரு? என் பேருல வந்தது யாரு?"

அவள் விழுந்த கொட்டைகளைப் பொறுக்கி மடியில் போட்டாள். பிறகு, "தப்பான பேரச் சொல்லிக் கூப்புட்டா வழியில போறது எதுவும் வந்து நிக்கும்" என்றாள். "அந்தப் புள்ளயோட சரியான பேரு என்னா?"

சொன்னேன். அவள் உதட்டுக்குள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அம்மாவை நாளைக்குப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். நான் எந்தப் பொய்யை ஒழிக்க வந்தேனோ அதே பொய்யின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். எனக்கு என் தங்கச்சி வரவேண்டும், எந்த வழியில் வந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மடுவத்தில் கூட்டம் இன்னும் அதிகம். மழை வேறு. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் உடுக்கைச் சத்தம்கூட அமுங்கிப் போனது. மறுநாள் திங்கள். இன்றைக்கு அம்மாவின் மனம் மாறாவிட்டால் எல்லாம் முடிந்தது. சாமியம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எங்கள் முறை வரவே இல்லை. பசறைப் பக்கத்துக் கிழவர் ஒருவர் மகனோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்து தேம்பினார். இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர். மறந்துவிட்டாளா, பயந்துவிட்டாளா என்று நினைத்தபோது அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். நேராக அம்மாவைப் பார்த்தாள். என் தங்கச்சியின் பெயரைச் சொன்னாள்.

அவள் போன நாளிலிருந்து யாரும் வெளியில் சொல்லாத பெயர். போனில்கூட நாங்கள் சொன்னதில்லை. அதை அந்த மழைச் சத்தத்தில், அத்தனை பேர் நடுவில் கேட்டபோது, சொல்லிக் கொடுத்தவளே நான்தான், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"நான் வந்துட்டேன்மா" என்றாள். "எனக்குச் சுடுதும்மா. என்னைய இங்க விட்டுறாத. ரத்தம் குடுத்து என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். இதோ எழப் போகிறாள், வாம்மா என்று ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்தாள். ஆனால் முன்னால் போகவில்லை. முந்தானையை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா, கூப்புடுது" என்றாள் யாரோ ஒருத்தி.

"அது என் புள்ள இல்ல" என்றாள் அம்மா. சத்தமாகவே சொன்னாள்.

பின்னாலேயே ஓடினேன். மழையில் வழுக்குகிற பாதையில் அம்மா விடுவிடு என்று இறங்கிக்கொண்டிருந்தாள். தேயிலை வரிசை முடியும் இடத்தில்தான் பிடிக்க முடிந்தது. அங்கே நின்று என்னைப் பார்த்தாள்.

"நீதானே போயி பேரச் சொன்ன?"

இல்லை என்று சொன்னால் மட்டும் நம்பப் போகிறாளா?

"அவ போறதுக்கு முந்துன நாளு" என்றாள் அம்மா, "நான்தான் அவளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ வாய்த்துடுக்கு ஒனக்குத் தெரியும்ல. ஏர்போட்டுல யாராச்சும் கூப்புட்டா சட்டுன்னு அவ பேரச் சொல்லிருவான்னு எனக்குப் பயம். புடிச்சி உள்ள போட்டுருவாங்கன்னு ஏஜென்சிக்காரன் வேற மெரட்டிட்டுப் போயிருந்தான். மாரியம்மன் முன்னுக்கு கற்பூரத்தக் கொளுத்தி, கையால அடிச்சு அணைக்கச் சொன்னேன். திரும்பி வந்து நம்ம வீட்டு வாசல மிதிக்கிற வரைக்கும் என் பேர என் வாயால சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குனேன். அடிச்சா. கை பொத்துப் போச்சி. அழுதுக்கிட்டே சிரிச்சா."

எங்கள் பக்கத்தில் கற்பூரத்தை அடித்துச் செய்த சத்தியத்தை உயிர் போனாலும் மீறமாட்டார்கள். செத்த பிறகும் மீறமாட்டார்கள் என்று நினைக்கிறவள் என் அம்மா. ஆவி என் பெயரில் வந்தபோது, மகள் இன்னும் சொல் தவறாமல் இருக்கிறாள் என்று உருகியிருக்கிறாள். சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்ததும் தெரிந்துவிட்டது. அது அவள் இல்லை. இது அவள் இல்லை என்றால் போன வெள்ளிக்கிழமை வந்ததும் அவள் இல்லை.

"அப்ப அங்க யாரும் வரல" என்றாள் அம்மா. "இத்தன நாளும் வரல."

மகளை அவள் இரண்டாம் தடவை பறிகொடுத்து நிற்கிறாள், அதைச் செய்தது நான். எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. என் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

"வாசல் மிதிக்கணும்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "இன்னும் மிதிக்கல. அவ அங்கேயே வாயக் கட்டிக்கிட்டு கெடக்குறா. நாளைக்கு எத்தன மணிக்கு தொறப்பாங்க?"

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி கதவு திறக்கும் முன்னமே நாங்கள் நின்றோம். அங்கிருந்த சிங்களப் பெண் அதிகாரி யாருடைய தாய் என்று கேட்டார். அம்மா என் பெயரைச் சொன்னாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டு தலை தூக்கி, இந்தப் பிள்ளை யார் என்று என்னைக் காட்டினார். மூத்தவள் என்று மட்டும் சொன்னாள் அம்மா. அவர் என் பேரைக் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டால் வம்பு என்று அவருக்கும் தெரிந்திருக்கும், இங்கே வந்து போனவர்களில் நாங்கள்தான் முதல் ஆட்கள் என்று நான் நினைக்கவில்லை. அம்மா கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ரத்தம் குழாயில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி வர வெகுநாள் ஆனது. மருந்து மணம் அடிக்கும் மூடிய பெட்டி, திறக்கக்கூடாது என்று கட்டளை. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலத்தில் என் பெயர். வேன் லயம் வரைக்கும் வராது, ரோட்டிலிருந்து பறை முழங்க ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோயில் தலைவர் முன்னால் வந்து தடுத்தார். வெளியில் செத்த உடலை லயத்து வாசலுக்குக் கொண்டு போவது வழக்கம் இல்லை, நேரே சுடுகாட்டுக்குக் கொண்டு போகவேண்டும், இல்லாவிட்டால் வரிசைக்கே ஆகாது என்றார். ஆட்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். அம்மா அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். "உள்ளுக்கு வேணாங்க. வாசப்படி வரைக்கும் மட்டும். ஒரு சொல்லு பாக்கி இருக்கு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒதுங்கிக்கொண்டார்.

எங்கள் காம்பரா படியில் பெட்டியின் ஒரு முனை இடிக்கும்படி இறக்கி வைத்தார்கள். பறை நின்றது. அம்மா குனிந்து பெட்டியில் கை வைத்தாள்.

"வந்துட்ட சாமி. வாசல் மிதிச்சிட்ட. சத்தியம் தீந்துச்சி. இனிமே ஒம் பேரச் சொல்லு" என்றாள்.

பிறகு காதைப் பலகையோடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கூட்டத்தில் ஒருத்தி விம்மினாள். நான் போய் அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, பெட்டியில் இருந்த என் பெயரை நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். தங்கச்சியின் பேரை, தொண்டை கிழிய, நான்தான் சொன்னேன்.